கடை வண்டிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

முத்திரை இல்லாத எடைக்கல்லை வைத்து வியாபாரம் செய்தால் என்ன ஆகும் என்பது நம் வணிகப் பெருமக்கள் அனைவருக்கும் தெரியும். அதனால்தான் தராசையும் எடைக்கல்லையும் கெடு தவறாமல் கொண்டுபோய் முத்திரை போட்டு வைக்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை சரக்கு சுமக்கும் நம் கடை வண்டியின் பிரேக்கை யார் சரிபார்க்கிறார்கள்?

நான் மதுரை கீழமாசி வீதியில் தொழில் பழகிய நாளில் சரக்கெல்லாம் சைக்கிள் கேரியரிலும் தள்ளுவண்டியிலும்தான் போகும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. சிறு வியாபாரிக்கு அதுவே லாரி ஆனது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபின் லைன் போகிறவர்கள் நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு மாறத் தொடங்கினார்கள். வண்டிகள் மாறின, வண்டியை நாம் நடத்தும் விதம் மட்டும் மாறவில்லை. ஓடுகிறவரை ஓட்டுவது, நின்றால் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவது!

என் கதையையே சொல்கிறேன். 2014-ல் எங்கள் கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவர், "அண்ணாச்சி, பின் பிரேக் சரியாப் பிடிக்கல" என்று இரண்டு முறை சொன்னார். "நட்டை முறுக்கி ஓட்டுப்பா, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்றேன். அந்த ஞாயிறு வருமுன்பே, இரண்டு சிப்பம் அரிசியோடு பாலத்து இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டோடு இருந்தார். ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். வலியை அவர்தானே பட்டார்? மாற்றாமல் விட்ட பிரேக் ஷூவின் விலை ஒரு சிப்பம் அரிசியின் விலைகூட இல்லை.

அதன்பிறகு எங்கள் தெரு மெக்கானிக்கிடம் உட்கார்ந்து நானே சில வேலைகளைக் கற்றுக்கொண்டேன். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம் போதும்.

முதலில் பிரேக். டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் சக்கரத்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அந்த அம்பு எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் நட்டை முறுக்கிப் பயனில்லை. நான் செய்த தவறு அதுதான். ஷூ நன்றாக இருந்தால் நட்டை முறுக்கியபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

அடுத்தது செயின். மூடியிட்ட செயின் என்றால் ரப்பர் அடைப்பானைத் திறந்து விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கிறது. சுமை ஏற்றும் வண்டியில் செயின் சீக்கிரம் தளரும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும். நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றியே எண்ணெய் விடுங்கள்.

மூன்றாவது காற்று. தனி ஆளுக்கு ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று என இரண்டு அளவு குறித்திருப்பார்கள். சரக்கு ஏற்றுகிறவர் இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளந்தால் கணக்கு தப்பும்; காலையில் அளப்பதே சரி.

நான்காவது ஆயில். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது பழைய ஆயிலை வடித்து, கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவே ஊற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்பது தவறு. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வேலை எதையும் கிட்டங்கியில் செய்யாதீர்கள். பெட்ரோல் வாடையை அரிசியும் மாவும் தேயிலையும் இழுத்துக்கொள்ளும்.

மாவு மில், மிளகாய் மண்டி பக்கம் நிற்கும் வண்டிக்குக் காற்று வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அதைக் கையேட்டில் சொன்ன கெடுவுக்கு முன்பே பார்ப்பது நல்லது.

வண்டியை மேம்படுத்துகிறேன் என்று சிலர் சட்டத்தில் வெல்டிங் வைத்துப் பெரிய கேரியர் கட்டுகிறார்கள். சட்டம் பலவீனமாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற இடம் தரவில்லை. செலவழிக்க விரும்பினால் நல்ல டயர், இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்னால் ஒளி பட்டு மின்னும் சிவப்புப் பட்டை ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. மின்னணு முறையில்தான் பெட்ரோல் போகிறது. அதில் கை வைக்கக் கூடாது. ஒன்றைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் இணைப்பு பிரேக்கின் கேபிளும் அப்படித்தான். அவை மெக்கானிக்கின் வேலை.

கல்லாப்பெட்டியில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு என நான்கு பத்திகள். ஆயில் எப்போது மாற்றினோம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நிறைவாக ஒன்று. "துவரம்பருப்பு தீர்ந்துபோச்சு அண்ணாச்சி" என்று சொன்னால் அடுத்த நிமிடம் போனை எடுக்கிறோம். "பிரேக் பிடிக்கல" என்று சொன்னாலும் அதே வேகம் வேண்டும். அன்று வண்டியை நிறுத்திவிட்டு வாடகை ஆட்டோவில் சரக்கை அனுப்புங்கள். அந்த வாடகையை நட்டம் என்று எழுதாதீர்கள். நம்மை நம்பி வண்டி ஏறுகிறவர் மாலையில் நல்லபடியாக வீடு திரும்புவதற்கான செலவு அது.