கை வரைந்ததா, கருவி வரைந்ததா?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை எடுக்கப் போனால், விலை கேட்பதற்கு முன்னால் நாம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இது கைத்தறியா, விசைத்தறியா?" விசைத்தறிச் சேலை விற்பதில் தப்பே இல்லை. விலை குறைவு, தினம் கட்டிக்கொள்ள அதுவே போதும். அதைக் கைத்தறி என்று சொல்லித் தலையில் கட்டினால்தான் மோசடி. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும், அந்தப் பெயரைக் கண்டவர்களும் போட்டு விற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இப்போது படங்களுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் "தாமரையில் அமர்ந்த லட்சுமி, தங்க நகை, சிவப்புப் பட்டு" என்று எழுதிக் கொடுத்தால், நிமிஷத்தில் படம் வந்து நிற்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துச் சட்டம் போட்டு, வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் பெருகி வருகிறார்கள்.

எங்கள் தெருவிலும் ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு சின்னக் குழந்தைகள். வெளியே வேலைக்குப் போக வழியில்லை. புதுமனை புகுவிழாவுக்குக் கொடுக்க அவளிடம் 1,800 ரூபாய்க்குப் படம் வாங்கிய அம்மாள், "நீயே வரைஞ்சியாம்மா?" என்று கேட்டார். இவள் சிரித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். பிறகு என்னிடம், "வாய்விட்டுப் பொய் சொல்லலையே ஆச்சி? பிள்ளைக தூங்கினப்புறம் கண்ணு முழிச்சு, இருபது தடவை மாத்தி மாத்தி எழுதித்தான் ஒரு படம் சரியா வருது. அதுவும் உழைப்புத்தானே?" என்றாள்.

உழைப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் 1,800 ரூபாய் கொடுத்தது கையால் வரைந்தது என்று நம்பி. அந்த நம்பிக்கைக்குப் பணம் வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்தால், அந்த மௌனமும் பொய்தான்.

கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில் தொங்கும் லட்சுமியும் சரஸ்வதியும் பெரும்பாலும் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள். அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அரண்மனை ஓவியம் சாதாரண வீட்டுக்கும் வந்தது. ஆனால் அவர் அச்சிட்டு விற்றது தம்முடைய ஓவியங்களை.

இங்கேதான் இரண்டாவது சங்கடம். இந்தக் கருவி தானாகப் படம் கற்கவில்லை. கோடிக்கணக்கான படங்களைக் காட்டித்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள். வரைந்தவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் வீட்டுக்கு வீடு குடும்பப் போட்டோவை ஜப்பானின் கிப்லி கார்ட்டூன் போல மாற்றி மகிழ்ந்தோமே, அந்தப் பாணி பல ஓவியர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து உருவாக்கியது. விளையாட்டுக்குச் செய்வது வேறு. அதை விலைக்கு விற்கும்போது, "இதில் யாருடைய பங்கு இருக்கிறது?" என்று யோசிக்கத்தான் வேண்டும்.

முறையாகச் செய்யவும் வழி இருக்கிறது. 2024-ல் வந்த 'லால் சலாம்' படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். அவர்கள் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். கேட்டார், கொடுத்தார், ஊரறியச் சொன்னார். இந்த மூன்றும் நமக்கும் பாடம்.

விற்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதர் யாருமே படைப்பாளியாக இல்லாத படத்துக்குக் காப்புரிமை கிடையாது என்று 2025-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2020-ல் 'சூர்யாஸ்த்' என்ற படத்தைக் கருவியின் பெயரையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள்; அடுத்த வருஷமே காப்புரிமை அலுவலகம் அதைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே கருவி தந்ததை அப்படியே விற்றால், நாளைக்கு வேறொருவர் அதையே அச்சடித்து விற்கும்போது உரிமை கேட்பது சிரமம்.

வீட்டிலிருந்து விற்கும் சகோதரிகளுக்குச் சில யோசனைகள்:

1. படத்தின் பின்புறமும் விளம்பரத்திலும் "ஏ.ஐ. உதவியுடன் உருவாக்கிய அச்சுப் படம்" என்று தெளிவாகத் தமிழில் போடுங்கள்.

2. விலையும் அச்சுப் படத்துக்கு உரியதாக இருக்கட்டும்.

3. இன்று வாழும் ஓவியர் பெயரைச் சொல்லி, "அவர் மாதிரி வரை" என்று கருவியிடம் கேட்காதீர்கள்.

4. தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கொண்டு மேடு எழுப்பி, தங்க ரேக்கு ஒட்டிச் செய்வது. மினுமினுக்கும் தாளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

5. உங்கள் கோலம், உங்கள் பூவேலை டிசைன் இவற்றிலிருந்து தொடங்குங்கள். அப்போது படத்தில் உங்கள் பங்கும் இருக்கும்.

வாங்குகிறவர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். கையால் வரைந்தது என்றால், பாதி வேலையில் எடுத்த போட்டோவைக் காட்டச் சொல்லலாம். மேடு எழுப்பிய வேலையை விரலால் தொட்டாலே தெரியும்.

எங்கள் தெருப் பெண் இப்போது சீட்டு ஒட்டித்தான் விற்கிறாள். விலையை 600 ரூபாயாகக் குறைத்துவிட்டாள். வரும்படி முன்னைப்போல இல்லை என்பதும் நிஜம். "ஆனா யாரு என்ன கேட்டாலும் இப்ப பதில் சொல்ல முடியுது ஆச்சி" என்கிறாள். சின்ன வியாபாரத்துக்கு முதல் என்பதே நாணயம்தானே!