அட்டையில் அச்சிட்ட பழைய பதவிகள்

சோழவரத்திலிருந்து காரனோடை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரையில் ஜி.என்.டி. சாலையின் இருமருங்கிலும் கிடங்கு கட்டுவோரும், சிறு பட்டறையைத் தொழிற்சாலையாக விரிவுபடுத்துவோரும், அரசாங்க அனுமதி என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் தேடிப் போவது சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அன்று, 'லையசன்' பார்ப்பவரைத்தான். அவர் நீட்டுகிற வழுவழுப்பான கையேட்டில் ஸ்தாபனத்தின் தலைவர்கள் என்று நாலைந்து படங்கள் இருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓய்வு பெற்ற இணை இயக்குநர், ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர், முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி மெய்தானா என்று விசாரிக்காமலே, கடன் வாங்கிய முதலிலிருந்து முன்பணத்தை ரொக்கமாக, ரசீதுகூட இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பல மாதம் கழித்து 'ஃபைல் எங்கே இருக்கிறது?' என்று கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே இதை எழுத நேர்ந்தது.

இப்படி வந்தவர்களுள் ஒருவர் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருப்பவர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு, அதாவது எல்லாரும் 'கன்சென்ட்' என்று சொல்லும் அனுமதிக்கு, இணையவழியே விண்ணப்பித்தபோது, ஆலோசகர் தம்முடைய மின்னஞ்சலையும் தம்முடைய கைபேசி எண்ணையுமே கணக்கில் பதிந்துவிட்டார். புதுப்பிக்க வேண்டிய தவணை கடந்ததும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததும் பட்டறைக்காரருக்குத் தெரியவே இல்லை. மின்சாரத்தைத் துண்டிக்க ஆள் வந்த அன்றுதான் தெரிந்தது. கையேட்டில் பெரிய பதவியுடன் சிரித்துக்கொண்டிருந்தவர் அன்றைக்குத் தொலைபேசியை எடுக்கவில்லை.

அரசாங்கத்தோடு பேசிக் காரியம் முடித்துத் தரும் தொழிலுக்கு நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தொழில் செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடந்த இருபது ஆண்டுகளில் தாம் வகித்த குறிப்பிட்ட அரசாங்கப் பதவிகளையும் அதிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே 2010-இல், பெருமுதலாளிகளுக்காக அரசாங்கத்தோடு பேசிவந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் வெளியான பிறகே, அவருடைய நோயிசிஸ் என்ற ஆலோசனை நிறுவனத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் முன்னாள் தலைவர் பிரதீப் பைஜால் போன்ற ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகள் சேர்ந்திருந்த விஷயம் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது. அவ்வுரையாடல்களில் குற்றம் எதுவும் தென்படவில்லை என்று 2022-இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்ததையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்லியாக வேண்டும். இங்கே நான் காட்ட வருவது இவ்வளவே: டில்லியின் பெரிய முதலாளிகள் முன்னாள் பதவிகளை விலைக்கு வாங்கும்போது அவர்களிடம் விசாரித்துச் சொல்ல வக்கீல்களும் கணக்கர்களும் இருந்தார்கள், சோழவரத்துக் கிடங்குக்காரர் தாமேதான் விசாரிக்க வேண்டும்.

விசாரணையை ஆலோசகர் கொடுத்த லெட்டர்ஹெட்டிலிருந்தே தொடங்கலாம். கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத்தாளில் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் 21 இடங்கள் கொண்ட அடையாள எண்ணையும் அச்சிட்டே தீர வேண்டும். எண் இல்லாத 'பிரைவேட் லிமிடெட்' தாளை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஐந்து இலக்கம், பிறகு மாநிலத்தைக் குறிக்கும் ஈரெழுத்து, அதையடுத்து நான்கு இலக்கத்தில் கம்பெனி பதிவான ஆண்டு இருக்கும். கால் நூற்றாண்டு அனுபவம் என்று கையேடு சொல்ல, எண்ணிலோ 2023 என்று நின்றால், அந்த அனுபவம் கம்பெனியுடையதன்று, தலைவர்களுடையதாகத்தான் இருக்க முடியும். ஆகவே தலைவர்களைத் தனித்தனியே சோதிக்க வேண்டியது அவசியமாகிறது. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டால் இயக்குநர்களின் பெயரும் கம்பெனி உயிரோடிருக்கிறதா என்பதும் தெரியும். படத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற அதிகாரியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், அவர் எந்த உரிமையில் 'தலைவர்' என்று அச்சிடப்பட்டார் என்று எழுத்து மூலம் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. எண்ணும் நிறையப் பேசும். அதன் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆகவே ஆறாவது இடத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள்: 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' என்றால் தனிமனிதர். பலகையில் கம்பெனி என்று எழுதிவிட்டுத் தனிமனிதரின் எண்ணில் பில் போடுவது இப்பகுதியில் அபூர்வமன்று. கூட்டு நிறுவனமானால், பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டாண்மைப் பதிவேட்டைக் கட்டணம் செலுத்திப் பார்வையிட 1932-ஆம் ஆண்டுச் சட்டம் எவருக்கும் உரிமை தருகிறது.

இனி மனிதர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். ஐ.ஏ.எஸ். என்றால் மத்தியப் பணியாளர் துறை ஆண்டுதோறும் வெளியிடும் சிவில் லிஸ்டில் பெயர் இருந்திருக்க வேண்டும். வழக்கறிஞர் என்றால் பார் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். ஆடிட்டர் கொடுக்கும் சான்றிதழில் 18 இலக்க அடையாள எண் இருக்கும். அதை ஆடிட்டர்களின் ஸ்தாபனத்தினுடைய தளத்திலேயே சரிபார்க்கலாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கை தேவைப்படும் தொழிலானால், அதைத் தயாரிக்கும் நிறுவனம் நேபெட் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். எந்தத் துறைக்கு அங்கீகாரம் என்பதுவரை நேபெட்டின் பட்டியலில் காணலாம். மாநிலத் துறைகளில் பணியாற்றியவர் என்றால் பணி ஓய்வு ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், அத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, இன்ன பெயருடையவர் இன்ன காலத்தில் தங்கள் துறையில் இன்ன பதவி வகித்தாரா என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும், அதற்குமேல் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

மத்திய அரசின் 'ஏ' பிரிவு அதிகாரியும், ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரியும் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் உத்தியோகத்தில் அமர முன் அனுமதி பெற வேண்டும். அரசு அலுவலகங்களோடு தொடர்பு வைத்துக் காரியம் பார்க்கும் வேலையையும் இதைக் கூறும் ஓய்வூதிய விதி அவ்வுத்தியோகத்தில் அடக்குகிறது. 'சார் போன மாதந்தான் ரிட்டையர் ஆனார், எல்லாரும் அவர் ஆட்கள்' என்று பெருமையாகச் சொன்னால், அனுமதி ஆணையைக் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் அதுதான்.

பழைய பதவியில் மெய்யாகவே மதிப்புள்ள அம்சம் ஒன்று உண்டு. அது தொழில் ஞானம். தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர் வரைபடத்தின் பிழையை முன்கூட்டியே காட்டுவார். சுற்றுச்சூழல் பொறியாளராக இருந்தவர் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு எது பொருந்தும் என்று சொல்லுவார். அதற்குக் கூலி கொடுப்பது தர்மம். ஆனால் செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் உங்கள் சர்வே எண் விழுந்தால், நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்டத்தின் கட்டுப்பாட்டை எந்த முன்னாள் அதிகாரியின் பரிச்சயமும் நீக்கிவிடாது. 'பேசி முடித்துவிடலாம்' என்கிறவர் உங்கள் பணத்தைத்தான் முடிக்கப் போகிறார்.

அந்தப் பணம் திரும்பி வராது என்பதையும் அழுத்திச் சொல்லுகிறேன். செல்வாக்கைப் பயன்படுத்தி அரசாங்க முடிவைப் பெற்றுத் தருவதற்கான ஒப்பந்தம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பொது நலத்துக்கு விரோதமானது, செல்லாது. ஹைதராபாத் சாலார் ஜங் எஸ்டேட் சம்பந்தமான ரத்தன் சந்த் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. அதோடு நிற்கவில்லை ஆபத்து. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, செல்வாக்கைச் செலுத்திக் காரியம் முடிக்கப் பணம் பெறுகிற இடைத்தரகனுக்கு மூன்று முதல் ஏழாண்டு சிறை விதிக்கிறது; 8-ஆம் பிரிவு லஞ்சம் கொடுப்பவனுக்கும் ஏழாண்டு வரை விதிக்கிறது. ஆலோசகர் கையால்தானே போயிற்று என்ற சமாதானம் எடுபடாது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. ஏழு நாள், 'ஃபைல் நகருமா பார்க்கலாம்' என்று காத்திருந்து எட்டாம் நாள் வருகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த வியாபாரத்துக்கு உரம் போடுகிறவர்கள் சில அலுவலகங்களில் இருப்பவர்களே. விண்ணப்பதாரர் நேரே வந்தால் 'உங்க கன்சல்டன்ட் வரலையா?' என்று கேட்டு அனுப்புவதும், குறை இன்னதென்று எழுதித் தராமல் நடக்க வைப்பதும் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 2018-ஆம் ஆண்டு தொழில் தொடங்குவதை எளிதாக்கத் தமிழ்நாட்டில் சட்டமே வந்து, ஒவ்வொரு அனுமதிக்கும் காலவரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழிலுக்கு ஒற்றைச் சாளர உதவி செய்ய வேண்டியது திருவள்ளூர் காக்களூரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தின் கடமை. காலவரம்பு கடந்தால் பொது மேலாளருக்கு விண்ணப்ப எண்ணையும் தேதியையும் குறித்து எழுதி, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலோசகரை அமர்த்தியே ஆக வேண்டுமென்றால் நியமனக் கடிதத்தில் அவர் செய்யப் போகும் வேலை இன்னின்ன என்று எழுதட்டும். கட்டணம் வங்கி வழியே, ஜி.எஸ்.டி. பில்லுக்கு மட்டும். அரசாங்கக் கட்டணத்தை நீங்களே தளத்தில் செலுத்துங்கள். மின்னஞ்சல், கைபேசி எண், கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்பம் நான்கும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். மறுபடியும் சொல்லுகிறேன், கைபேசி எண் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

பதவி பொய் என்று தெரிந்தால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு. தாம் இன்னமும் அரசு ஊழியர் என்று நடித்திருந்தால் 204-ஆம் பிரிவும் சேரும். சோழவரம் காவல் நிலையம் ஆவடி காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. கும்மிடிப்பூண்டியில் நடந்ததற்குத் திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் போக வேண்டும். லஞ்சம் கேட்டதானால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 என்ற எண்ணை அழைக்கலாம். எங்கே போனாலும் கையேடு, விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் செய்திகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகலோடு போங்கள், புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.