மூணு ரவுண்டில் ரெண்டு ஜெயிச்சும் தோல்வி!

படப்பை தாண்டி ஒரகடம் கம்பெனிகளில் ட்ரெயினிங் போனவங்களுக்குத் தெரியும்: கேஜ் ஓகே சொன்னா பாஸ், இல்லைன்னா ரிஜெக்ட். பாக்ஸிங்கில் ஐந்து நடுவர்களின் கண்தான் கேஜ் மக்களே.

2021 ஜூலை 29, டோக்கியோ ஒலிம்பிக். மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 2-3 எனத் தோற்றார். முதல் ரவுண்டு 1-4. அடுத்த ரெண்டுமே 3-2 என மேரிக்குத்தான். அப்புறம் எப்படித் தோல்வி?

யார் எத்தனை ரவுண்டு ஜெயிச்சாங்கன்னு மொத்தமா எண்ணுவதில்லை. ரவுண்டை ஜெயிச்சவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒவ்வொரு நடுவரும் போட்ட மூணு ரவுண்டு மார்க்கையும் தனித்தனியாகக் கூட்டி, அவர் ஓட்டு யாருக்குன்னு பார்ப்பாங்க. ரெண்டு ரவுண்டிலும் அதே மூன்று பேர்தான் மேரி பக்கம் இருக்கணும்னு அவசியமில்லை. ஆள் மாறினால் கூட்டலும் மாறிடும்.

ஒரே ஒரு நடுவர் மாறியிருந்தா மேரி காலிறுதியில் இருந்திருப்பார். பதக்கம் நிச்சயம்னு சொல்ல முடியாது; ஆனா வாய்ப்பு இருந்திருக்கும். 40 வயது வரம்பால் 2024 பாரிஸ் கதவும் மூடிடுச்சு.

ஆறு உலக சாம்பியன் பட்டங்களை யாரும் அழிக்க முடியாது. ஆனா ஒலிம்பிக் பக்கத்தில் 2012 லண்டன் வெண்கலம் மட்டும்தான் நிக்குது. அடுத்த முறை 3-2ன்னு பார்த்தா, "தோத்துட்டாங்க"ன்னு கடந்து போகாம, நடுவர்களின் மார்க்கையும் ஒரு தடவை பாருங்க.