இருமலை அடக்கும் மருந்தும் அதன் அளவும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சித்தூர், திருப்பதி மாவட்டச் சிற்றூர்களில் இருமல் மிகுதல் இயல்பு. அப்பொழுது வாங்கப்பெறும் இனிப்பான பாகு மருந்துகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெதார்பன் என்னும் பொருள் அடங்கியுள்ளது. 1958-இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற இம்மருந்து தொண்டையில் வேலை செய்வதன்று. மூளையின் அடிப்பகுதியில் இருமலைத் தூண்டும் மையத்தை மட்டுப்படுத்துவது. ஆகவே வறட்டிருமலுக்கே இது ஏற்றது. சளியை வெளியேற்றும் இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

அளவு மிஞ்சினால் மூச்சும் தளரக்கூடும். 2021-இல் தில்லி கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையில் இம்மருந்தின் நச்சுக்குறிகளோடு 16 குழந்தைகள் காணப்பட்டனர், மூவர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், 4 வயதுக்குட்பட்டோருக்கு இதனை எழுதித் தரலாகாதென மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் அறிவுறுத்தியது. (2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகள் மடிந்த காரணம் வேறு. அங்கே வேறொரு பாகு மருந்தில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகங்களைக் கெடுத்தது.)

வீடுகளில் தவறு நேர ஏதுவான இடம் கரண்டி. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. மாற்றி எடுத்தால் மருந்து மும்மடங்காகும். மருந்தின் செறிவும் புட்டிக்குப் புட்டி வேறுபடும்: 5 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 15 உள்ளதும் உண்டு. வேலூர் சென்று மருத்துவரைக் கண்டு வாங்கிய புட்டியும் உள்ளூர்க் கடைப் புட்டியும் பெயரில் மட்டுமே வேறாக, உள்ளே ஒரே மருந்தாக இருத்தல் கூடும். தெலுங்கும் தமிழும் அறிந்த தாய்க்கு ஆங்கிலப் பொடியெழுத்து என்ன சொல்லும்? அதனைப் படித்துக் காட்டி, புட்டியுடன் வரும் அளவுக் குப்பியில் கோடிட்டுத் தருதல் ஆசிரியர் செய்யத்தக்க உதவி. வளர்ந்தவர்க்கும் ஒரு நாளில் 120 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது.

களப்பணியாளர் கருதவேண்டியது மற்றொன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பாகு மருந்தால் அடக்கிவைப்பது காசநோயை மறைத்துவைப்பதாக முடியலாம். சளிப் பரிசோதனையே முதற்கடமை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினசோலிட் உண்போர் டெக்ஸ்ட்ரோமெதார்பனைச் சேர்த்து உண்டால் கடுங்காய்ச்சல், நடுக்கம், மனக்குழப்பம் தோன்றக்கூடும். மனச்சோர்வு மருந்துகள் சிலவற்றோடும் இவ்வாறே. எனவே, வேறென்ன மருந்து உண்கிறார் என வினவாமல் இதனைத் தருதல் கூடாது.

மருந்துண்ட குழந்தை எழுப்பியும் விழிக்காது உறங்கினாலோ, தள்ளாடினாலோ, கண்மணிகள் தாமே துடித்தாலோ, மூச்சு மந்தித்தாலோ, வீட்டு வைத்தியத்தில் காலங்கழிக்காமல் 108-ஐ அழைத்து, அந்தப் புட்டியையும் உடன் கொடுத்தனுப்புக.