பழவேற்காட்டுப் பூநாரைகள்

காட்டுயிர்களை அவற்றின் உறைவிடத்திலேயே கண்டு மகிழ விரும்புவோர் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா செல்லுதல் உண்டு. ஆங்குக் கென்யா நாட்டிலுள்ள நக்குரு ஏரி பூநாரைகளால் உலகப் புகழ் பெற்றது. பூநாரையைக் காண்பதற்குத் தமிழ்நாட்டார் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து புகைவண்டியில் பொன்னேரி சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏறினால் பழவேற்காட்டை அடையலாம்.

ஊரின் பெயரில் காடு உண்டு. ஆயினும் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை தோன்றுவது நீரே. இதனை ஏரி என்று வழங்கினும், கரை கட்டி மழைநீரைத் தேக்கும் நம் ஊர் ஏரிகளைப் போன்றது அன்று இது. ஆரணி, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகளின் நீரும் வங்கக் கடலின் நீரும் கலந்து நிற்கும் உப்பங்கழி. கடலுக்கும் இதற்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. இந்தியாவின் உப்பங்கழிகளுள் ஒடிசாவின் சிலிகைக்கு அடுத்த பெருமை இதற்கு உரியது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது, தென்பகுதி நம்முடையது. நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆழமோ, பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் உயரமும் இல்லை.

இவ்வாழமின்மையே பறவைகளை இங்கு ஈர்க்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து கழி நிறைகின்றது. மழை ஓய்ந்து நீர் மெல்ல வடியும்போது, சேறும் நீரும் கலந்த பரப்பில் புழுவும் பூச்சியும் சிறு மீனும் மிகுகின்றன. வட ஆசியாவின் கடுங்குளிருக்கு அஞ்சி ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வருகின்றன. அண்மையிலுள்ள நேலப்பட்டில் மரங்களின்மேல் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் இங்கு வந்து மீன் கவர்ந்து செல்கின்றன.

இவற்றுள் எல்லாம் காண்பார் கண்ணைக் கவர்வது பூநாரையே. நெடிய கால், நெடிய கழுத்து, நடுவே வளைந்த அலகு ஆகியவற்றை உடையது. நிற்கும்போது வெண்மையாய்த் தோன்றும். சிறகை விரித்தால் உள்ளிருந்து செந்நிறமும் கருநிறமும் வெளிப்படும். அது உண்ணும் முறை வியப்பிற்குரியது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் விரைந்து இயங்கி நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரங்களில் உள்ள சீப்பின் பற்கள் போன்ற தகடுகளில் பாசியும் சிற்றுயிர்களும் தங்கும், நீர் வடிந்துவிடும். இல்லத்தில் மாவு சலிக்கும் சல்லடையைப் பறவை வாயிலேயே கொண்டுள்ளது எனலாம். அதன் செந்நிறமும் பிறவியில் வந்தது அன்று. குஞ்சுகள் சாம்பல் நிறத்தவை. பாசியிலும் சிற்றுயிர்களிலும் உள்ள ஒருவகை நிறப்பொருள் உடலிற் சேரச் சேரச் சிறகு சிவக்கின்றது. இந்தியாவில் இவை பெருந்தொகையாய்க் கூடு கட்டுவது குசராத்தின் கட்ச் உவர்நிலத்தில். பழவேற்காட்டிற்கு இரை தேடியே வருகின்றன.

இரை தேடுவோர் பறவைகள் மட்டும் அல்லர். கழியைச் சூழ்ந்த குப்பங்களில் வாழும் மீனவர்க்கும் இந்நீரே விளைநிலம். இருளர் இனப் பெண்டிர் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லாற் கவ்விய ஓலைப்பறியில் இடுவர். பூநாரை அலகால் துழாவும் சேற்றையே அவர்கள் கையால் துழாவுகின்றனர். வலை வீசும் மீனவர் சிலரிடம் 'பாடு' என்னும் பழைய ஏற்பாடு உண்டு. மீன் மிகுதியாய்க் கிடைக்கும் இடங்களை வகுத்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னார் வலையிட வேண்டும் என முறை வைத்துக்கொள்வர். உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் அச்சொல் இங்கு உரிமைக்கும் பெயராயிற்று; மூன்றும் பொருந்துவனவே.

கிழக்கு ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டிக் காப்பகத்தினின்று 1959-இல் மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு, ஙொரொங்கோரோ என்னும் அண்டைப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். விலங்கு வாழ மனிதர் விலகவேண்டும் என்பது அன்றைய கருத்து. பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. எனினும் குப்பங்கள் தம் இடத்திலேயே உள்ளன. ஒரே நீரை இரு திறத்தாரும் பங்கிட்டு உண்கின்றனர்.

அந்நீரின் உயிர்நிலை முகத்துவாரம். இறால் கடலில் முட்டையிடும். அதன் இளங்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். ஆதலின் அவ்வாயிலை அடுத்த பாடுகளுக்கே மதிப்பு மிகுதி. கோடையில் ஆற்று நீர் குன்றும். அலை கொணரும் மணல் வாயிலைத் தூர்க்கும். அப்போது கடல்நீர் வரத்து நிற்கின்றது. வெயிலில் கழி வற்றி உப்பு மிகுகின்றது. இறாற் குஞ்சுகள் நுழைய வழியில்லை. குப்பத்தார் தாமே திரண்டு மணலை வெட்டி வாயிலைத் திறந்ததும் உண்டு. வலையில் விழும் இறாலுக்காக அவர்கள் திறக்கும் வாயில் பறவையின் இரைக்கும் வாயிலாகின்றது.

காண வருவோர் செய்யும் பிழை ஒன்றுண்டு. செஞ்சிறகைக் காணும் ஆவலால் கூட்டத்தின் அருகே படகைச் செலுத்தச் சொல்வர், கைதட்டி எழுப்புவர். பூநாரை சிட்டுக்குருவியைப் போல் நின்ற இடத்தினின்று சட்டெனப் பறக்கவல்லது அன்று. நீர்மேல் சிறிது தொலைவு ஓடியே எழும்பவேண்டும். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது உண்ட இரையின் ஆற்றல் வீணாகின்றது. படகேறியோர்க்கும் இக்கழி எப்போதும் அமைதியானது அன்று. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், உலாச் சென்ற படகொன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் உலாப் படகுகள் தடை செய்யப்பட்டன.

கரையில் நின்றே நன்கு காணலாம். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டைக்குச் செல்லும் சாலை கழியின் ஊடே செல்கின்றது. தை, மாசித் திங்களில் விடியற்காலையில் அச்சாலையோரம் நின்றால், தொலைவில் உப்புப் படிந்தாற் போன்ற வெண்கோடு ஒன்று தெரியும். தொலைநோக்கியை வைத்துப் பார்க்கும்போது அக்கோட்டில் கால்கள் தெரியும்; பிறகு, கவிழ்ந்த தலைகள் தெரியும்.