கிழிந்த ஜவ்வை எலும்போடு பிடித்து நிறுத்தும் ‘ஆங்கர்’: போட்டதும் சரியாகிவிடுமா?

“ஸ்கேன்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ரெண்டு, மூணு ஆங்கர் போட்டுத் தைக்கணும்.”

வார இறுதியில் டர்ஃபில் கிரிக்கெட் ஆடிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு வருபவர்களும், பைக்கிலிருந்து விழுந்தவர்களும் எலும்பு மருத்துவரிடம் கேட்கும் வாசகம் இது. உடனே கேள்விகள் வரிசைகட்டும். ஆங்கர்னா என்ன? அது உள்ளேயே இருக்குமா? போட்டதும் சரியாகிடுமா?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில்: போட்டதும் சரியாகாது. உடல் தன் வேலையை முடிக்கும்வரை திசுவைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே ஆங்கரின் வேலை. இது புரியாமல் சீக்கிரமே பளு தூக்கினால், நல்லபடியாக முடிந்த அறுவை சிகிச்சையும் வீணாகலாம்.

‘ஜவ்வு’ என்றால் எது?

பேச்சுவழக்கில் ஜவ்வு என்ற ஒரே சொல் பல திசுக்களைக் குறிக்கிறது. தசையை எலும்போடு இணைப்பது டெண்டன் எனப்படும் தசைநாண். எலும்பை எலும்போடு இணைப்பது லிகமென்ட் எனப்படும் தசைநார். தோளைச் சுழற்ற உதவும் நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும் சேர்ந்ததுதான் ‘ரொட்டேட்டர் கஃப்’. தோள் மூட்டின் கிண்ணத்தைச் சுற்றி ‘லேப்ரம்’ என்ற விளிம்பு இருக்கிறது. தோள் அடிக்கடி நழுவுபவர்களுக்குப் பெரும்பாலும் பிய்ந்திருப்பது இதுதான்.

இயற்கையில் தசைநாண் எலும்போடு சேரும் இடம் நான்கு அடுக்குகளால் ஆனது. முதலில் நாண், அடுத்து நாருள்ள குருத்தெலும்பு, பிறகு சுண்ணச்சத்து ஏறிய அதே குருத்தெலும்பு, கடைசியாக எலும்பு. மென்மை படிப்படியாகக் கடினமாக மாறுவதால், இழுவிசை ஒரே இடத்தில் குவிவதில்லை. ஒருமுறை பிய்ந்துவிட்டால், எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் இந்த அமைப்பு அப்படியே திரும்ப வராது. தழும்புத் திசு வளர்ந்துதான் இரண்டையும் ஒட்டவைக்கிறது.

ஆங்கருக்கு முன்னால் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன், 1909-லேயே கிழிந்த தோள்பட்டை நாணைத் தைத்துச் சரிசெய்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு எலும்பில் துளையிட்டு, அதன் வழியே நூலைக் கோத்து, மறுபுறம் எடுத்து முடிச்சுப் போடுவதே வழக்கமாக இருந்தது. முறை வலுவானதுதான். ஆனால், தோளைப் பெரிதாகக் கீற வேண்டும்.

1980-களில் நூல் கோத்த சிறிய உலோக ஆங்கர்கள் வந்தன. சாவித்துளை சிகிச்சையான ஆர்த்ரோஸ்கோபியும் பரவலானது. இரண்டும் சேர்ந்த பிறகு, சில சின்னத் துளைகள் வழியாகவே தோளுக்குள் தையல் போடுவது சாத்தியமானது.

எப்படி வேலை செய்கிறது?

சுவரில் டி.வி. மாட்ட டிரில் போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்குவது போன்ற வேலைதான். எலும்பில் சிறு துளையிட்டு ஆங்கரைத் திருகியோ அடித்தோ இறக்குவார்கள். ரொட்டேட்டர் கஃபுக்குப் போடுவது பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதிலிருந்து வெளியே நிற்கும் நூல்களை நாணுக்குள் கோத்து, எலும்போடு ஒட்டி இறுக்கிக் கட்டுவார்கள். இன்று இதற்குப் பயன்படும் நூல்கள் பல, அதிவலுவான பாலிஎத்திலீன் இழையால் ஆனவை. கப்பல் கயிற்றிலும் குண்டு துளைக்காத உடையிலும் இருப்பது இதே வகை இழைதான்.

ஆங்கரை எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதற்கு ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. டெக்சாஸைச் சேர்ந்த தோள்பட்டை நிபுணர் ஸ்டீபன் பர்கார்ட், அங்குள்ள பண்ணை வேலிகளைக் கவனித்தார. வேலியின் மூலைக் கம்பம் சாயாமல் இருக்க, அதைக் கம்பியால் இழுத்து மண்ணில் புதைத்த கனமான பொருளோடு கட்டியிருப்பார்கள். நம்மூரில் பந்தல் கயிற்றுக்கு முளையைச் சாய்த்து அடிப்பதும் இதே கணக்குதான். ஆங்கரையும் இப்படிச் சாய்வாக இறக்கினால் பிடிப்பு கூடும் என்று 1995-ல் அவர் எழுதினார். மரையுள்ள ஆங்கர்களைச் செங்குத்தாக இறக்குவதே நல்லது என்று பிந்தைய ஆய்வக முடிவுகள் சில கூறின. விவாதம் இன்னும் ஓயவில்லை.

எந்தப் பொருளால் ஆனது?

*டைட்டானியம்:* வலுவானது, எக்ஸ்-ரேயில் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது சுற்றியுள்ள பகுதியின் படம் கலங்கலாம். கழன்றால் மூட்டின் குருத்தெலும்பை உரசிச் சேதப்படுத்தும்.

*கரையும் பாலிமர்:* உடலுக்குள் மெல்லக் கரையும். சிலருக்கு அந்த இடத்தில் நீர்க்கட்டியோ எலும்பு அரிப்போ வந்ததுண்டு. இதனால் எலும்பு வளர உதவும் கால்சியம் பாஸ்பேட் கலந்த வகைகள் வந்தன.

*பீக்:* கரையாத, உறுதியான பிளாஸ்டிக். எக்ஸ்-ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. படத்தையும் கெடுக்காது.

*முழுக்க நூலாலானவை:* துளைக்குள் சென்றதும் சுருண்டு முடிச்சுபோல் உப்பிப் பிடித்துக்கொள்ளும். எலும்பில் சிறு துளையே போதும்.

கரையாத ஆங்கரைப் பொதுவாக வெளியே எடுக்கத் தேவையில்லை. ஆனால் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது உள்ளே ஆங்கர் இருப்பதை ஸ்கேன் மையத்தில் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் எங்கே தோற்கிறது?

தையல் விட்டுப்போனால் ‘ஆங்கர் கழன்றுவிட்டது’ என்றுதான் பலரும் நினைப்பார்கள். ரொட்டேட்டர் கஃபில் பெரும்பாலும் நடப்பது வேறு. ஆங்கர் அதே இடத்தில் உறுதியாக இருக்கும், நூலும் அறுந்திருக்காது. அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல, நூல் நாணை அறுத்துக்கொண்டு வந்துவிடும். பலவீனமான கண்ணி, திசுதான். வயது, புகைப்பழக்கம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் ஆகியவை திசு ஆறுவதை மேலும் தாமதமாக்கும்.

இதனால் காலம் முக்கியமாகிறது. அமெரிக்காவில் ஸ்காட் ரோடியோ குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், நாய்களின் எலும்பில் துளையிட்டுத் தசைநாணைப் பதித்து, வெவ்வேறு வாரங்களில் இழுத்துப் பார்த்தனர். 8 வாரம் வரை நாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12 வாரத்துக்குப் பிறகு அப்படி வரவில்லை. மனித உடலுக்கு இதே கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் முதல் மூன்று மாதங்கள் ஏன் ஆபத்தானவை என்பது இதில் தெரிகிறது.

சிக்கல் என்னவென்றால், வலி அதற்கு முன்பே குறைந்துவிடும். “இப்ப நல்லாத்தான் இருக்கு” என்று ஆறாவது வாரத்தில் தோன்றும்போது, உள்ளே ஒட்டுதல் பாதிகூட முடிந்திருக்காது. ரொட்டேட்டர் கஃப் தையலுக்குப் பிறகு பொதுவாக 4 முதல் 6 வாரம் கைத்தொட்டில், படிப்படியாக பிசியோதெரபி, கடினமான வேலைக்கும் விளையாட்டுக்கும் சுமார் 6 மாதம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் அறுந்தால், உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த நாணை எலும்புத் துளைக்குள் செலுத்தி, ஸ்க்ரூ அல்லது சிறு பட்டனால் பிடிக்கவைப்பார்கள். அங்கும் இதே பாடம்தான். 2016-ல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, விளையாட்டுக்குத் திரும்புவதை 9-வது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயமாகும் விகிதம் 51% குறைந்தது. கார் விபத்துக்குப் பின் 2023 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ரிஷப் பந்த், மீண்டும் களமிறங்கியது 2024 மார்ச்சில்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

* அறுவை சிகிச்சை கட்டாயமா, பிசியோதெரபி போதுமா? எல்லாக் கிழிசலுக்கும் ஆங்கர் தேவைப்படாது.
* எத்தனை ஆங்கர், எந்த வகை, ஒவ்வொன்றும் என்ன விலை? எண்ணிக்கை கூடினால் பில்லும் கூடும்.
* இன்சூரன்ஸில் ஆங்கருக்கான தொகை அடங்குமா?
* கருவியின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தருவார்களா?
* லேப்டாப் வேலை, பைக், ஜிம் ஆகியவற்றுக்கு எந்த வாரத்தில் திரும்பலாம்?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுதி வாங்கி, ஆபீஸில் லீவு கேட்பதற்கு முன்பே கையில் வைத்திருப்பது நல்லது.