லினக்ஸ் கருனியின் நினைவகப் பண்பட்டவணை : ஓர் உரைநெறி ஆய்வு

நூல் சுருங்கி நிற்பது. உரை அதனை விரித்துக் காட்டுவது. இவ்விரண்டன் தொடர்பை ஆராய்தல் தமிழ்த்துறையார்க்குப் பழகிய பணியாகும். நல்லுரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுங்கால், அச்சொல் எதனைக் குறிக்கும் என்று கூறுவதோடு அமைதல் இல்லை. எதனைக் குறியாது, எவ்விடத்து வாராது என்பனவற்றையும் வரையறுத்துச் செல்வர். இந்நெறி இலக்கிய இலக்கணங்களுக்கே உரியதன்று. கணிப்பொறியின் உள்ளமைப்பை விளக்கும் ஏடுகளுக்கும் இது வேண்டப்படுவது. அத்தகைய ஏடு ஒன்றனை எடுத்துக்கொண்டு, அதன்கண் உரையாசிரியர் பொறுப்பு எங்கே நிற்கிறது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய லினக்ஸ் கருனி, இன்று பல நாட்டாரும் கூடி எழுதும் பெருநூலாக வளர்ந்துள்ளது. கருனி என்பது இயங்குதளத்தின் உள்ளீடு. பொறியின் உறுப்புகளுக்கும் அவற்றைப் பயன்கொள்ளும் நிரல்களுக்கும் இடைநின்று ஆள்வது. ஒவ்வொரு சாதனத்தையும் கருனியோடு இணைக்கும் நிரற்பகுதி 'இயக்கி' எனப்படும். இயக்கி எழுதுவோர், தாம் தொடும் நினைவகத்துக்கு எப்பண்பு பொருந்தும் என்று அறிந்துகொள்ளற்பொருட்டுக் கருனியோடு ஒரு சிற்றேடு வழங்கி வருகின்றது. 'பேட்' எனச் சுருக்கிக் கூறப்படும் பக்கப் பண்பட்டவணையைப் பற்றிய அவ்வேடே நம் ஆய்வுப்பொருள்.

1. நினைவகப் பண்பின் இயல்பு

நுண்செயலியின் விரைவுக்கு நினைவகம் ஈடுகொடுப்பதில்லை. ஆதலின் அடிக்கடி வேண்டப்படும் தரவுகளின் படியைச் செயலி தன் அருகிலேயே 'கேஷ்' என்னும் சிறிய விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். முதல் நினைவகத்தைப் பொறுத்தமட்டில் இவ்வேற்பாடு நன்மையே பயக்கும். சாதனங்களைப் பொறுத்தமட்டில் நிலைமை வேறு. சாதனத்தின் பதிவகங்களும் நினைவக முகவரிகள் போலவே தோன்றும். ஆனால் அவை நினைவகம் அல்ல. சில பதிவகங்கள் படித்த அளவிலேயே தம் நிலை மாறுவன. சிலவற்றில் எழுதுதல் என்பது தரவைச் சேமித்தலன்று, ஓர் ஏவலை இடுதலே. அத்தகைய இடத்தில் பழைய படியைக் கண்டு அமைதலும், எழுதியதனைத் தன்னிடமே தேக்கிக்கொள்ளலும் பிழையாய் முடியும்.

இது பற்றியே நினைவகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பண்பு வகுக்கப்பட்டது. அவற்றுள் தலைமையானவை நான்கு. எழுதியதனைக் கேஷில் வைத்துப் பின்னர் நினைவகத்தில் சேர்ப்பது 'டபிள்யூபி'. கேஷில் படியிருப்பின் அதனையும் திருத்தி, உடனே நினைவகத்திலும் எழுதுவது 'டபிள்யூடி'. கேஷை அறவே விலக்கி, ஒவ்வொரு படித்தலையும் எழுதுதலையும் உரிய வரிசையில் சாதனத்துக்கே செலுத்துவது 'யூசி'. எழுத்துகளைச் சிறிது தேக்கி ஒன்றுசேர்த்து ஒரே வீச்சாக அனுப்புவது 'டபிள்யூசி'.

இறுதியிற் கூறிய பண்பின் பயனை ஒரு கணக்கால் உணரலாம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் புள்ளி ஒன்றுக்கு 4 பைட்டு எனின், ஒரு முழுப்படம் 82,94,400 பைட்டு ஆகும். அதனை நான்கு நான்கு பைட்டாக அனுப்பின் 20,73,600 முறை எழுதவேண்டும். 64 பைட்டாகச் சேர்த்து அனுப்பின் 1,29,600 முறை போதும். எனினும் அவ்வாறு சேர்க்குங்கால் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே சென்றடையும் என்னும் உறுதி இல்லை. திரைப்படிவத்துக்கு இது குற்றமன்று, ஏவற்பதிவகத்துக்கோ பெருங்குற்றம். ஒன்றற்கு நலமானது பிறிதொன்றற்குக் கேடாதலின், பண்பை இடமறிந்து வழங்குதல் இன்றியமையாதது.

2. பழைய முறையும் புதிய முறையும்

இன்டெல் நிறுவனத்தார் 1995-இல் வெளியிட்ட பென்டியம் புரோ செயலியில் 'எம்டிஆர்ஆர்' என்னும் பதிவகங்கள் அமைந்தன. இவை நினைவகத்தைப் பெரும் பரப்புகளாகப் பகுத்துப் பண்பு வழங்கின. விருப்பம்போல் அமைத்துக்கொள்ளத்தக்க பரப்புகள் எட்டே. ஒவ்வொன்றின் அளவும் இரண்டின் அடுக்காக இருத்தல் வேண்டும் என்னும் கட்டும் உண்டு. சாதனங்கள் பெருகப் பெருக இவ்வெட்டும் போதாவாயின.

1999-இல் வந்த பென்டியம் மூன்றாம் செயலியில் பக்கப் பண்பட்டவணை தோன்றிற்று. பக்கம் என்பது ஈண்டு 4096 பைட்டு கொண்ட நினைவகக் கூறு. ஒவ்வொரு பக்கத்தின் குறிப்பிலும் மூன்று இருமக் குறிகள் சேர்ந்து, எட்டு இடங்கொண்ட அட்டவணையுள் ஒன்றைச் சுட்டும்; அவ்விடத்தில் எழுதப்பட்ட பண்பே அப்பக்கத்தின் பண்பாகும். எத்தனை பக்கங்களுக்கு வேண்டுமாயினும் இவ்வாறு வழங்கலாம். லினக்ஸ் கருனி 2008-இல் வெளிவந்த 2.6.26-ஆம் பதிப்பில் இம்முறையைத் தழுவிக்கொண்டது.

உரிமை பெருகவே கடமையும் பெருகிற்று. ஒரே மெய்யான நினைவகப் பக்கத்தை இருவேறு முகவரிகளால் அடைதல் கூடும். ஒரு முகவரி அதனைக் கேஷுக்கு உரியது என்றும், மற்றொன்று உரியதன்று என்றும் கூறுமாயின், எப்படி மெய்? செயலி, நிரல் கேளாத போதும், வேண்டப்படும் எனக் கருதித் தரவை முன்னரே கேஷில் கொணர்ந்து வைக்கும் இயல்பினது. ஆதலின் கேஷுக்குரிய முகவரியை எந்நிரலும் தொடாதிருந்தாலும் பழம்படி ஒன்று கேஷில் தங்கிவிடலாம். பின்னர் எங்கோ ஓரிடத்தில் தரவு திரியும். திரிந்த இடத்தைக் கண்டார்க்குத் திரித்த இடம் புலப்படாது. பிழை செய்தவர் ஒருவர், பிழையின் பயனை நுகர்பவர் வேறொருவர் ஆதல் இதன் கொடுமை.

3. சொல்லும் இடமும்

மேற்கூறிய முரண் நேராமைப் பொருட்டே இவ்வேட்டில் ஓர் அட்டவணை தரப்பட்டுள்ளது. இடப்பக்கம் இயக்கிகள் வழங்கும் ஏவற்சொற்கள் நிற்கும். மேலே நினைவகத்தின் மூவகை இடங்கள் நிற்கும்: முதல் நினைவகம், பொறியின் அமைப்புச் செய்திகள் தங்கும் பகுதி, ஒதுக்கிடமும் வெற்றிடமும் என்பன அவை. சொல்லும் இடமும் கூடும் கட்டத்தில் பண்பு குறிக்கப்பெறும். சொல்லுக்குப் பொருள் தனித்து அமைவதன்று, இடத்தால் அமைவது என்னும் கொள்கை இவ்வட்டவணையின் உயிர்நாடி.

'ஐஓரீமேப்' என்னும் ஏவல் பின்னிரண்டு இடங்களில் 'யூசி மைனஸ்' என்னும் பண்பைத் தரும். இது யூசியின் மெலிந்த வடிவம். பழைய பரப்புப் பதிவகம் டபிள்யூசி என்று கூறுமாயின் இஃது அதற்கு வழிவிடும். முழு யூசியோ எதற்கும் வழிவிடாது. 'ஐஓரீமேப்-டபிள்யூசி' மூன்றாம் இடத்தில் மட்டும் பொருள்படும். முதல் நினைவகத்தில் இவ்விரண்டிற்கும் இடமில்லை. காரணம் யாதெனின், கருனி அந்நினைவகத்தை முன்னரே டபிள்யூபி பண்போடு தனக்கென ஒரு முகவரி வரிசையால் அடைந்து நிற்கிறது. அதன்மேல் மற்றொரு பண்பை ஏற்றின் முற்கூறிய முரண் விளையும். அங்குப் பண்பை மாற்ற வேண்டுவோர், கருனியின் முகவரியிலேயே மாற்றம் செய்யும் 'செட்மெமரி' வகை ஏவல்களைக் கொள்ளல் வேண்டும்.

ஒருபொருட் பன்மொழியும் இத்துறையில் உண்டு. 'ஐஓரீமேப்-நோகேஷ்' என ஓர் ஏவல் நெடுங்காலம் வழங்கிற்று. 'கேஷ் வேண்டா' என அது வெளிப்படக் கூறுதலின், அடையில்லாத 'ஐஓரீமேப்' கேஷை வேண்டும் போலும் என மயங்குதற்கு இடனாயிற்று. உண்மையில் இரண்டும் ஒன்றே. 2020-இல் வந்த 5.6-ஆம் பதிப்பில் அடையுடைய சொல் நீக்கப்பட்டது. மிகைச்சொல் அழகின்மை மட்டுமன்று, பொய்ப்பொருளும் தரும் என்பதற்கு இது தக்க சான்று.

4. சிறுகோட்டின் இருபொருள்

அட்டவணையின் பல கட்டங்களில் பண்பு எதுவும் இல்லை. இரு சிறு கோடுகளே உள்ளன. இவற்றைக் கடப்போர் பலர். நம் கருத்தில் இவ்வேட்டின் அரிய பகுதி இவையே. அக்கோடுகளுக்கு ஏடு தரும் விளக்கம், அவ்விடத்தில் அவ்வேவலை வழங்குதல் பரிந்துரைக்கப்படவில்லை என்பது. அதனோடு அமையாது, அவற்றுள் சிலவற்றைக் கருனியே கண்டிப்பாகத் தடுக்கும் எனவும், சிலவற்றை இன்று தடுப்பதில்லை, பின்னர்த் தடுத்தலும் கூடும் எனவும் ஏடு கூறுகின்றது.

இங்கே ஒரு குறி இருபொருள் பெற்று நிற்றல் காண்க. ஒன்று விலக்கு; மற்றொன்று அறிவுரை. விலக்கை மீறுவோர் உடனே தோல்வியுற்றுத் தம் பிழையை உணர்வர். அறிவுரையை மீறுவோரோ வெற்றி பெறுவர்; அவ்வெற்றியே அவர்க்குக் கேடு. தம் பொறியில் இயக்கி இயங்கக் கண்டு, அதனை உலகுக்கு வழங்கிவிடுவர். எந்தக் கோடு எவ்வகையது என்பதனை அட்டவணை பிரித்துக் காட்டவில்லை.

இதற்கு அமைதி கூறுவாரும் உளர். இன்றைய நிலையைப் பிரித்து எழுதிவிட்டால், தடுக்கப்படாதது இசைவுடையது என்று படிப்போர் கொள்வர். நாளை தடை வருங்கால் முறையிடுவர். ஆதலின் பொதுக்குறியே நன்று என்பர். இக்கருத்தில் உண்மை உண்டு. உரை நடப்பை மட்டும் கூறுமாயின் நெறி மறைந்துவிடும். எனினும் நெறியை மட்டும் கூறி நடப்பை மறைப்பின், பிழை தேடுவார்க்கு வழியில்லை. ஒரு கட்டத்துக்கு ஒரு குறி என்னாது, 'தடுக்கப்படுவது', 'தகாதது' என இரு குறி கொண்டு, இரண்டாவதற்குத் தகாமையின் காரணத்தையும் ஒரு வரியில் தருதலே தக்க முறை எனத் துணிகின்றோம். காரணம் அறிந்தார் அறிவுரையையும் விலக்காகவே போற்றுவர்.

5. கேட்டதும் பெற்றதும்

இவ்வேட்டின் குறிப்புகளுள் மேலும் இரண்டு போற்றத்தக்கன. ஒரு முகவரிக்கு முன்னரே யூசி பண்பு வழங்கப்பட்டிருப்பின், பின்வரும் இயக்கி டபிள்யூசி கேட்டாலும் யூசியே பெறக்கூடும் என்பது ஒன்று. ஏவல் தோற்கவில்லை, கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. இக்குறிப்பைப் படியாதார், திரை ஏன் மெல்ல இயங்குகிறது என்று சாதனத்தைப் பழித்துக் காலங்கழிப்பர். எப்பகுதிக்கு எப்பண்பு வழங்கப்பட்டுள்ளது என்று கருனி காக்கும் பட்டியலைக் காணும் வழியையும் ஏடு உடன் காட்டியிருத்தல் சிறப்பு.

முதல் நினைவகத்தின் பண்பை மாற்றியவர், பயன் முடிந்தபின் டபிள்யூபி-க்கே மீட்டுவிடல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்வேவல்கள் இரட்டையாகவே வருவன. மீட்காது விட்ட பக்கம் பின்னர் வேறொருவர் கையில் சேரும்; அவர் அதன் பண்பு திரிந்திருத்தலை அறியார். இக்கடமை ஏவலின் பெயரில் புலப்படுவதன்று. உரையால் மட்டுமே விளங்குவது.

முடிவுரை

நிரல் தானே தன்னை விளக்கும், உரை வேண்டா என்பார் கூற்று இவ்விடத்துப் பொருந்தாமை இதனால் விளங்கும். நிரல் தான் செய்வதனைக் காட்டும்; செய்யத்தகாததனையும், இன்று இயங்கினும் நாளை இயங்காததனையும், முடிவில் செய்யவேண்டிய கடமையையும் காட்டாது. அவை உரையின் ஆட்சிக்கு உட்பட்டன. நம் துறையில் பயின்று தொழில்நுட்ப ஏடுகளைத் தமிழில் எழுதப் புகும் மாணவர், கலைச்சொல் ஆக்கத்தோடு தம் பணி முடிந்ததாகக் கருதற்க. பொருள் நிறைந்த கட்டங்களை மொழிபெயர்த்தல் எளிது. வெற்றுக் கோடு நிற்கும் கட்டத்தில் என்ன பொருள் உறைகின்றது என வினவி, அதனைப் பிரித்து எழுதுதலே உரையாசிரியர்க்குரிய பணி. அதில் அவர் நெகிழ்ந்தால், அப்பிழையின் பயனை அவர் அறியாத ஒருவர் எங்கோ நுகர்வர்.